ஞானமுத்து அண்ணாச்சியின் பாட்டு ஏலத்துக்கு வந்த கதை

போன மாதம் சபை அலுவலகத்திலிருந்து ஒரு தம்பி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். காணிக்கை கொடுப்பவர்களை எப்படி ஊக்குவிப்பது என்று ஓய்வுபெற்றவர்களிடம் குறிப்பு வாங்கி, புது ஊழியர்களுக்குப் பாடம் எடுக்கப் போகிறாராம். பத்துக் குறிப்பு வேண்டும், பத்தும் ஒரே திரையில் அடங்க வேண்டும். எனக்குப் பத்தெல்லாம் தெரியாது, ஞானமுத்து அண்ணாச்சி என்று ஒருவரைத்தான் தெரியும் என்றேன். அவர் மரியாதையாகச் சிரித்து, காப்பியைக் குடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்துவிட்டார். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலைக் கேட்காமல் போகிறவர்களைக் கண்டால் எனக்கு அந்தக் காலத்திலிருந்தே ஆகாது. அந்தக் கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் உத்தியோகத்தின் பெயர் உக்கிராணத்துவ ஊழியர். வேதாகமத் தமிழில் உக்கிராணத்துவம் என்றால், கடவுள் நம்மிடம் ஒப்படைத்திருப்பதைப் பொறுப்பாகக் கையாள்வது. கல்யாண வீட்டுத் தமிழிலோ உக்கிராணம் என்பது அரிசி பருப்பு அடுக்கியிருக்கும் அறை. என் மாமனார் பெண் கொடுத்தபோது கல்யாண வீட்டு அர்த்தத்தைத்தான் எடுத்துக்கொண்டார். மாப்பிள்ளை கையில் சாவிக்கொத்து இருக்கும், பெண் பட்டினி கிடக்க மாட்டாள் என்று நம்பினார். உண்மையில் என் வேலை ஊர் ஊராகப் போவது. மெதடிஸ்ட் வழியில் வந்த சின்னச் சின்னச் சபைகளுக்குப் போய், கோயில் கட்டவோ சுவர் எழுப்பவோ சபையார் தாங்களே கொடுக்க முன்வருவதற்கு வழி சொல்லித் தர வேண்டும். எழுபதுகளின் நடுப்பகுதி அது. கடல் தாண்டி வந்துகொண்டிருந்த மிஷன் உதவி சொட்டுச் சொட்டாகி நிற்கப்போகிற நேரம்.

பயிற்சி மூன்று மாதம். அதில் பாதி நாள் அட்டையில் படம் ஒட்டினோம், பாதி நாள் குழு விவாதம் செய்தோம். சொல்லும்படியாக ஒன்றுமில்லை. நிஜமான பயிற்சி கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் எங்கள் அலுவலகத்தில், இஸ்ரவேல் சாரிடம் ஆரம்பித்தது.

இஸ்ரவேல் சார் எங்களுக்கு மேலதிகாரி. கிழக்குப் பாலக்காட்டுக் குடியானவர் வீட்டுப் பிள்ளை. கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை, கையில் வெயில் மழை பாராத குடை. வயதில் இளையவனான என்னையும் 'வாங்க போங்க' என்றுதான் கூப்பிடுவார். திட்டும்போது அந்த 'ங்க' இன்னும் கூடும். ஒரே மூச்சில் மூன்று 'ங்க' வந்துவிட்டால் அன்றைக்கு எனக்கு மதியச் சோறு இறங்காது.

வீடு சந்திப்புக்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். இரண்டு பேராகத்தான் போக வேண்டும், ஒருவர் வெளியூர், ஒருவர் உள்ளூர். வெளியூர்க்காரர் மட்டும் பேசலாம். உள்ளூர்க்காரர் வாயைத் திறக்கக் கூடாது, ஏனென்றால் உள்ளூர்க்காரர் பேசினால் பழைய சண்டை ஒன்று கூடவே வந்துவிடும். கொடுக்கிற இடத்தில் உட்கார வேண்டும், அது உரலாக இருந்தாலும் சரி. டீ கொடுத்தால் ஒரு டம்ளர், இரண்டாவது வேண்டாம். அட்டையை முகம் கீழே இருக்கும்படி வைத்து, அவர்கள் எழுதும்போது கூரையைப் பார்க்க வேண்டும். எழுதி முடித்துத் தாங்களே படித்துக் காட்டினால், அது எதுவானாலும் மறுக்கக் கூடாது, குறைத்துப் பேசக் கூடாது, நன்றி சொல்லி எழுந்துவிட வேண்டும். இதை அலுவலகத்திலேயே ஒத்திகை பார்ப்போம். இஸ்ரவேல் சார் ஒரு நாள் குடிகாரக் கணவராக உட்காருவார், மறுநாள் மூக்குச் சிந்துகிற விதவையாக உட்காருவார். முகத்தில் சிரிப்பு வந்தவர்கள் மறுபடி வாசலுக்குப் போய்க் கதவைத் தட்டிக்கொண்டு வர வேண்டும். நான் ஒரே காலையில் ஏழு தடவை கதவைத் தட்டியிருக்கிறேன்.

அட்டையில் மூன்று கட்டம் இருக்கும்: காலம், தாலந்து, பொருள். இந்த வருஷம் சபைக்கு எவ்வளவு நேரம் கொடுப்பீர்கள், உங்களுக்குத் தெரிந்த எந்தத் திறமையைக் கொடுப்பீர்கள், எவ்வளவு பணம் கொடுப்பீர்கள் என்று அர்த்தம். மூன்றும் தானாக மனம் வந்து எழுதியதாக இருக்க வேண்டும். ஆகவே இஸ்ரவேல் சாருக்கு அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடுவதைக் கண்டாலே பிடிக்காது.

"ஏனுங்க தம்பி, கோயிலு என்ன பொள்ளாச்சிச் சந்தைங்களா? மாட்டுக்கு வெலை பேசலாமுங்க. காணிக்கைக்கு வெலை பேசலாமுங்களா?"

மூன்றையும் தாண்டி நாலு 'ங்க'. என் கையில் இருக்கிற எந்தச் சபையிலும் ஏலம் நடக்கக் கூடாது என்று எழுத்திலும் கொடுத்திருந்தார்.

நான் மூணாறு எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவன் என்பதால் மலைச் சபைகளை என்னிடம் தள்ளிவிட்டார்கள். அவற்றில் ஒன்று சின்னக்கானலுக்கு மேலே ஒரு தேயிலை டிவிஷனில் இருந்தது. உடுமலையிலிருந்து மூணாறு பஸ், அங்கிருந்து எஸ்டேட் லாரி, லாரி இரைத்து நின்ற இடத்திலிருந்து நடை. புல் வேய்ந்த சின்னக் கோயில். மழைக்காலத்தில் உபதேசியார் குடையைப் பிடித்துக்கொண்டுதான் பிரசங்கம் செய்வார், சபையார் குடையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவார்கள். முந்தின வருஷ மழையில் ஒரு பக்கச் சுவரே கரைந்து விழுந்துவிட்டது. வரும் ஜூனுக்குள் தகரக் கூரை போடாவிட்டால் கோயிலை மூடிவிட்டு இடத்தை எடுத்துக்கொள்வேன் என்று எஸ்டேட் மேனேஜர் சொல்லிவிட்டார். நான் போய்ச் சேர்ந்தது மார்ச் மாதம்.

உள்ளூர்த் துணைக்குச் சபைச் செயலாளர் தங்கையா கங்காணி வந்தார். வேலைக்காட்டில் நூறு பேரை அதட்டி வேலை வாங்குகிற வாய், அதை மூடிக்கொண்டு என்னோடு தொழிலாளர் வரிசை வீடுகளில் லயம் லயமாக நடக்க அவர் பட்ட பாடு சொல்லி மாளாது. பொருள் கட்டத்தில் யாரிடமும் பெரிதாக எழுத எதுவும் இல்லை. தாலந்துக் கட்டத்தைத்தான் நிரப்பினார்கள். ஒருவர் சுண்ணாம்பு அடித்துத் தருவதாக எழுதினார். ஒருவர் சபையில் எல்லாருக்கும் முடி வெட்டுவதாக எழுதினார். ரெஜினாள் பாட்டி யோசித்து யோசித்து, 'ஒரு வருஷம் மருமகளை ஏச மாட்டேன்' என்று சொல்ல, நான் எழுதிக்கொடுத்தேன். அது தாலந்தில் சேருமா காலத்தில் சேருமா என்று தெரியாமல் இரண்டு கட்டத்துக்கும் நடுவில் எழுதினேன்.

அப்புறம் ஞானமுத்து அண்ணாச்சி வீட்டுக்குப் போனோம். அவர் ஃபாக்டரியில் ரோலிங் ரூமில் வேலை பார்ப்பவர், ஐம்பது வயதுக்கு மேல். அந்த அறையில் தேயிலையைச் சுருட்டும் ரோலர்கள் போடும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவனிடம் தீப்பெட்டி கேட்பதானாலும் அலறித்தான் கேட்க வேண்டும். முப்பது வருஷம் அதில் நின்றவருக்குக் காது மந்தம். தொண்டை மட்டும் அடுத்த டிவிஷன் வரைக்கும் போகும். எங்களுக்குப் பலகை போட்டு, டீ கொடுத்து, அட்டையை வாங்கி மெதுவாக எழுதினார். நான் கூரையைப் பார்த்தேன். அவரே படித்தார்.

"வாற வருசம் பூரா, ஞாயித்துக்கிழமதோறும், பிரசங்கத்துக்கு முன்னால, ஒரு தனிப்பாட்டு படிக்கேன்."

கங்காணிக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது. ஆனாலும் மனிதர் விதியை மீறவில்லை, கண்ணில் தண்ணீர் வழிய வாயை மூடிக்கொண்டே இருந்தார். நானும் விதிப்படி நன்றி சொல்லி எழுந்தேன். வெளியே வந்து பத்தடி போனதும் கங்காணி தலையில் கையை வைத்துக்கொண்டு சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"சார், கெடுத்திட்டியளே! அவரு 'ஆமென்' சொன்னாலே பிள்ளைய தூக்கத்துல இருந்து எந்திரிச்சு அழும். பாட்டா? சீவன் போயிரும் சார்."

அன்று சாயங்காலத்துக்குள் சேதி எல்லா லயத்துக்கும் போய்விட்டது. ராகம் ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம், அண்ணாச்சி நடுவில் என்று எனக்கு விளக்கிச் சொல்ல உபதேசியாரே வந்தார். சுண்ணாம்பு அடிக்கிறவர் தன் அட்டையைத் திருப்பிக் கேட்டார். ஞானமுத்து பாடினால் அடுத்த டிவிஷன் சபைக்குப் போய்விடுவோம் என்று நாலைந்து குடும்பம் சொல்லிவிட்டது. அத்தனை பேரும் போனால் கூரை ஏது?

வேறு வழியில்லாமல் நான் மட்டும் திரும்ப அவரிடம் போனேன். இஸ்ரவேல் சாரின் விதியை உடைத்து, வேறு ஏதாவது எழுதலாமே அண்ணாச்சி என்று இழுக்கத்தான் போனேன். நான் வாயெடுக்கும் முன்னே அவர் பேசிவிட்டார்.

"தம்பி, முப்பது வருசமா இந்தக் கோயிலுக்கு வாறேன். பெஞ்சு தூக்கணும்னா என்னக் கூப்பிடுவாவ. தண்ணி சொமக்கணும்னா கூப்பிடுவாவ. ஒனக்கு என்னவே வரும்னு ஒரு ஆளு கேட்டதில்ல. நீங்கதான் அட்டையில அச்சடிச்சுக் கேட்டிய. கையி நடுங்கிப்போச்சு தம்பி எனக்கு."

அந்த அட்டையை அச்சடித்தவர்களில் யாரும் அதை அப்படி நினைத்திருக்க மாட்டார்கள். நானும் நினைத்ததில்லை. வெட்கமாக இருந்தது. டீ நன்றாக இருந்தது என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

வழி சொன்னவர் கங்காணிதான். தேயிலைக் காட்டில் அறுப்பின் பண்டிகை ஒரு வேடிக்கை. தேயிலை கம்பெனியுடையது, அதைக் காணிக்கையாக வைத்தால் திருட்டுக் கேஸ் ஆகிவிடும். அதனால் லயத்துக்குப் பின்னால் விளைகிற சௌசௌவும் பீன்ஸும் முட்டையும் கோழியும் வரும். ஆராதனை முடிந்ததும் அவற்றை ஏலம் விடுவார்கள். எடுத்தவர் வீட்டுக்குக் கொண்டுபோகலாம், அல்லது 'கோயிலுக்கே திருப்பிக் கொடுக்கிறேன்' என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் அதே பொருள் மறுபடி ஏலத்துக்கு வரும். ஒரே முட்டை ஒன்பது தடவை சுற்றி வந்து, குஞ்சு பொரித்துவிடுமோ என்று எல்லாரும் பயந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

"எல்லாரு தாலந்தயும் ஏலத்துல விடுவோம். பாட்ட நான் எடுத்துக்கிடுதேன். எடுத்தவன் பொருளுல்லா? எனக்குப் படின்னு நான் சொன்னாத்தான அவரு படிக்க முடியும்? சொல்லாமலே இருந்திருதேன். அண்ணாச்சிக்கும் மதிப்பாப் போவும், நமக்கும் காது மிஞ்சும்."

ஏலம் கூடாது என்ற கடிதம் என் பைக்குள்தான் இருந்தது. கூரையை நினைத்தேன், அண்ணாச்சியின் கையை நினைத்தேன், சரி என்று சொல்லிவிட்டேன். மேலதிகாரி இருப்பது மலைக்குக் கீழே எவ்வளவோ தூரத்தில் என்கிற தைரியமும் உண்டு.

பண்டிகையன்று லயமே திரண்டு வந்திருந்தது. ஏலம் பார்ப்பதற்குச் சாதி மதம் கிடையாது, மாரியம்மன் கோயில் கமிட்டிக்காரர்கள்கூட முன்வரிசையில் இருந்தார்கள். முதலில் சுண்ணாம்பு வேலை போயிற்று, முடிவெட்டு போயிற்று. ரெஜினாள் பாட்டி ஏசாமல் இருக்கும் வருஷத்தை அவருடைய மருமகளே விடாப்பிடியாக நின்று எடுத்தாள். கூட்டம் சிரித்து அடங்கும்போது வாசலில் ஒரு குடை தெரிந்தது. குடைக்குக் கீழே இஸ்ரவேல் சார். அந்தப் பக்கம் ஏதோ வேலையாக வந்தவர், பண்டிகை என்று கேள்விப்பட்டு லாரியில் ஏறி வந்துவிட்டார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, குடையை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டார். நான் கடிதம் இருந்த பையைக் காலால் பெஞ்சுக்கடியில் தள்ளினேன்.

அப்போதுதான் உபதேசியார் எழுந்து, ஞானமுத்து அண்ணாச்சியின் ஒரு வருஷப் பாட்டு என்று அறிவித்தார். கங்காணி ஒரு தொகை சொன்னார். அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் மாடசாமி என்று ஒருவர் கையைத் தூக்கினார். ரோலிங் ரூமில் அண்ணாச்சிக்கு அடுத்த மிஷினில் நிற்பவர், இந்து, அண்ணாச்சியின் உயிர்ச் சினேகிதர், அவருக்கும் காது மந்தம். உலகத்திலேயே ஞானமுத்துவின் பாட்டை ரசித்த ஒரே மனிதர்.

"எங்கூட்டாளி பாட்ட நாந்தான் எடுப்பேன்! எடுத்து ஒங்க கோயில்லயே படிக்கச் சொல்லுவேன். நான் வாசல்ல நின்னு கேப்பேன்" என்று அலறினார்.

சபை நடுங்கிப்போயிற்று. கங்காணி ஏற்றினார். மாடசாமி அதற்கு மேல் ஏற்றினார். கங்காணிக்கு வியர்த்தது, பின்னாலிருந்து ஆட்கள் அவர் கையில் ரூபாயைத் திணித்தார்கள். கடைசியில் யாரும் கேள்விப்படாத ஒரு தொகைக்குப் பாட்டு கங்காணிக்கு வந்தது. எல்லாரும் மூச்சு விட்டார்கள். ஞானமுத்து அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"கங்காணி, ஒங்க வீட்ல வந்து படிக்கட்டுமா? இன்னைக்கே ஆரம்பிச்சிருவோமா?"

சும்மா இருந்துவிடலாம் என்று கணக்குப் போட்ட கங்காணி, அந்த முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல முடியாது என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. திரும்பித் தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா பார்த்த பார்வையில் பதறிப்போய், "கோயிலுக்கே திருப்பிக் குடுக்கேன்!" என்று கத்திவிட்டார்.

கத்திய பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்கே உறைத்தது. பாட்டு மறுபடி ஏலத்துக்கு வந்துவிட்டது. மாடசாமி மறுபடி கையைத் தூக்கினார். இந்த முறை கம்பவுண்டர் முந்திக்கொண்டு எடுத்தார். அண்ணாச்சி அவரிடம் போய், "டிஸ்பென்சரியில வந்து படிக்கவா சார்?" என்றார். கம்பவுண்டரும் திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்புறம் லாரி டிரைவர், அப்புறம் உபதேசியாரின் மைத்துனர். எடுப்பதும் திருப்புவதுமாகப் பாட்டு சுற்றிச் சுற்றி வந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் தகரம் தகரமாகக் கூரை ஏறிக்கொண்டிருந்தது. தன் பாட்டுக்காக ஊரே அடித்துக்கொள்கிறது என்று அண்ணாச்சி துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். நான் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றேன். இந்த மனிதருக்கு இப்போது யாராவது விஷயத்தைச் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் என் பயமெல்லாம்.

மாடசாமி சட்டைப்பையை வெளியே இழுத்துக் காட்டிவிட்டு உட்கார்ந்த நேரத்தில், பின்னால் இஸ்ரவேல் சார் எழுந்தார். போச்சு, ஏலத்தை நிறுத்தப் போகிறார் என்று நினைத்தேன். அவர் ஒரு தொகை சொன்னார். யாரும் எதிர்த்துக் கேட்கவில்லை. மூன்று தரம் சொல்லி முடிந்தது. அண்ணாச்சி அவரிடமும் போனார்.

"நான் எடுத்துட்டேனுங்க" என்றார் சார். "திருப்பிக் குடுக்கறதா இல்லீங்க. புதுக் கூரைக்கடியில மொத ஆராதனைக்கு வாறேன். அன்னிக்குப் பாடுங்க."

லாரிக்கு நடந்து இறங்கும்போது எனக்குத் திட்டு கிடைத்தது. ஏலம் தப்புங்க, கடுதாசிய மீறுனது தப்புங்க, அதை என்கிட்டச் சொல்லாதது அதைவிடத் தப்புங்க. அப்புறம் ஏன் சார் நீங்களும் ஏலம் கேட்டீர்கள் என்று மெதுவாகக் கேட்டேன்.

"அந்த மனுசன் ஒண்ணக் குடுக்கறாருங்க. அத்தன பேரும் காசு குடுத்துக் குடுத்துத் திருப்பித் தள்ளறாங்க. ஆராச்சும் ஒருத்தரு வாங்கிக்கோணுமில்லீங்க?"

ஜூன் முதல் வாரத்தில் சுவரும் எழும்பி, கூரையும் ஏறிவிட்டது. மேனேஜர்கூட வந்து பார்த்துவிட்டுப் போனார். முதல் ஆராதனைக்கு இஸ்ரவேல் சார் சொன்னபடி வந்தார். சபை முழுவதும் வந்திருந்தது, முகத்தில் பல்வலிக்காரர்களின் பொறுமையோடு. முதல் ஜெபம் முடியும்போது மழை பிடித்துக்கொண்டது.

புல் கூரையில் மழை விழுந்தால் சத்தமே வராது. தகரத்தில் விழுந்தால் எப்படி இருக்கும் என்று எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. வானத்திலிருந்து சரளைக்கல் கொட்டுவது போலிருந்தது. உபதேசியாரின் வாய் அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. பாட்டுக் குழு ஆரம்பித்தது, முன்வரிசை முதல் சரணத்தில், பின்வரிசை பல்லவியில், நடுவில் உள்ளவர்கள் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். உபதேசியார் கையை விரித்தார். இவ்வளவு பாடுபட்டு வாங்கிய கூரைக்குக் கீழே ஆராதனையே நடக்காது போலிருந்தது.

இஸ்ரவேல் சார் எழுந்துபோய் ஞானமுத்து அண்ணாச்சியின் தோளைத் தொட்டார். காதருகில் ஏதோ சொன்னார். அண்ணாச்சி முன்னே வந்து, கையைப் பின்னால் கட்டி, கண்ணை மூடிக்கொண்டு, பாட்டை எடுத்தார்.

கேட்டது. கடைசி பெஞ்சுவரை, வாசலில் சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்ற மாடசாமிவரை, வார்த்தை வார்த்தையாகக் கேட்டது. முப்பது வருஷம் ரோலரோடு மல்லுக்கட்டிய தொண்டைக்கு இந்த மழை எம்மாத்திரம்! ராகம் வழக்கம்போல அதன் பாட்டுக்கு எங்கேயோ போனது. ஆனால் அந்தக் கோயிலில் பிடித்துக்கொள்ள வேறு குரல் இல்லை. முதலில் பெண்கள் பிடித்தார்கள், அப்புறம் கங்காணி பிடித்தார். அண்ணாச்சி தவறிய இடத்தில் எல்லாரும் தவறினார்கள், அவர் நீட்டிய இடத்தில் எல்லாரும் நீட்டினார்கள். நானும் பாடினேன். அழுதுகொண்டே பாடினேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் கங்காணிதான் முதலில் கேட்டார், அதுவும் கொஞ்சம் கூச்சத்தோடு. "அடுத்த வாரமும் மழதான். அண்ணாச்சி, நீங்க வந்திருவியள்ளா?"

அங்கே மழைக்காலம் நாலு மாதத்துக்குக் குறையாது. அதற்கப்புறம் வருஷாவருஷம் அந்த நாலு மாதமும் அண்ணாச்சிதான் எடுத்துக் கொடுத்தார் என்று கேள்விப்பட்டேன். என்னை வேறு பக்கம் மாற்றிவிட்டதால் போய்ப் பார்க்க வாய்க்கவில்லை. ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு ஒரு தடவை போனேன். அண்ணாச்சி காலமாகிப் பல வருஷம் ஆகியிருந்தது. கூரையும் மாறிவிட்டது, இப்போது சத்தம் வராத கான்கிரீட். நல்ல வெயில். அன்று அண்ணாச்சி பாடிய அதே பாட்டை எடுத்தார்கள். முதல் வரியிலேயே எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதே தவறல், அதே நீட்டல், சின்னப் பிள்ளைகள் உட்பட. புதிதாக வந்திருந்த போதகர் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றார்.

பக்கத்தில் இருந்த பெண்ணிடம், இந்தப் பாட்டை எங்கள் பக்கம் வேறு ராகத்தில் பாடுவார்களே என்று கேட்டேன். அவள் என்னைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தாள்.

"இதுதான் சார் சரியான ராகம். மத்த ஊர்லதான் மாத்திப் படிக்காவ."